குவாங்ஜு, மே 1980: வாசகர் கேள்விகள், பதில்கள்

(தென்கொரியாவின் ஜனநாயகப் போராட்டம் பற்றிச் சென்ற இதழில் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் பாதிக்கு மேல் குவாங்ஜுவைப் பற்றியே இருந்தன. ஆகவே இந்த இதழ் முழுக்க அந்த ஊர்தான்.)

குவாங்ஜுவில் நடந்தது என்ன? நாள்வாரியாகச் சொல்ல முடியுமா? – திருநெல்வேலி வாசகர்

சொல்லலாம். ஆனால் 1980 மேயில் தொடங்கினால் பாதிதான் புரியும். 18 ஆண்டு சர்வாதிகாரம் நடத்திய பார்க் சுங்-ஹீயை 1979 அக்டோபர் 26 அன்று அவருடைய உளவுத்துறைத் தலைவரே சுட்டுக் கொன்றார். இனியாவது தேர்தல் வரும் என்று ஜனம் காத்திருந்தது. டிசம்பர் 12 இரவு, ராணுவப் பாதுகாப்புப் பிரிவின் தலைவர் சுன் டூ-ஹ்வான் ராணுவத்தைக் கைப்பற்றினார். மறு வசந்தத்தில் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். மே 17 நள்ளிரவில் ராணுவச் சட்டம் நாடு முழுமைக்கும் விரிவாக்கப்பட்டது. பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன, எதிர்க்கட்சித் தலைவர் கிம் டே-ஜுங் கைதானார். குவாங்ஜு இருக்கும் ஜொல்லா வட்டாரம் அவருடைய கோட்டை என்பதை மறக்க வேண்டாம்.

மே 18, ஞாயிறு. சோன்னாம் பல்கலைக்கழக வாசலில் 7-ஆவது பாராசூட் படையணி நின்றது. உள்ளே போக முயன்ற மாணவர்களை அடித்து விரட்டியது. மாணவர்கள் நகரின் நடுச்சாலையான கும்நம்நோவுக்குப் போனார்கள். பிற்பகலில் படையும் அங்கே வந்து கண்ணில் பட்டவரையெல்லாம் தடியால் அடித்தது. அன்று அடிபட்டு மறுநாள் இறந்தவர் காது கேளாத ஓர் இளைஞர். முதல் பலியாகப் பதிவானவர் அவர்தான்.

19: துணைக்கு 11-ஆவது படையணி வந்தது, துப்பாக்கிக் கத்திகளும் வெளியே வந்தன. அதுவரை மாணவர் போராட்டமாக இருந்தது ஊர்ப் போராட்டமாக மாறியது. 20 மாலை, டாக்சி, பஸ் ஓட்டுநர்கள் இருநூறு வாகனங்களுக்கு மேல் முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு அணிவகுத்துக் கும்நம்நோவுக்கு வந்தார்கள். காயம்பட்டவர்களை ஏற்றிப் போன ஓட்டுநர்களையே படையினர் அடித்ததுதான் அதற்குக் காரணம். உண்மையை ஒளிபரப்பாத எம்.பி.சி. நிலையம் அன்றிரவு எரிந்தது.

21 புத்தர் பிறந்தநாள், விடுமுறை. பிற்பகல் ஒரு மணியளவில் மாகாண அரசு அலுவலக ஒலிபெருக்கியில் தேசிய கீதம் ஒலிக்க, படை கூட்டத்தை நோக்கிச் சுட்டது. மக்கள் பக்கத்து ஊர்களான நாஜு, ஹ்வாசுன் பகுதிகளின் காவல் நிலைய ஆயுதக் கிடங்குகளைத் திறந்து துப்பாக்கி எடுத்தார்கள். மாலையில் படை நகரைவிட்டு விலகி, வெளியே வளைத்து நின்றது. சாலைகளும் தொலைபேசியும் அடைக்கப்பட்டன.

22 முதல் 26 வரை போலீசும் இல்லை, படையும் இல்லை. அலுவலகத்தின் முன்னால் உள்ள நீரூற்றைச் சுற்றிப் பொதுக்கூட்டங்கள் நடந்தன, ஆஸ்பத்திரிகளில் ரத்தம் கொடுக்க வரிசை நின்றது, எதிரே இருந்த சாங்மு உடற்பயிற்சிக் கூடத்தில் சவப்பெட்டிகள் அடுக்கப்பட்டன. நகருக்குள் அமைதி, நகர எல்லையில் கொலை. ஜுனாம் கிராமத்தருகே 23 அன்று மினிபஸ்ஸைச் சுட்டார்கள். சோங்காம்-டோங்கில் 24 அன்று இரண்டு ராணுவப் பிரிவுகள் ஒன்றையொன்று தவறாகச் சுட்டுக்கொண்டன. அந்த ஆத்திரம் அக்கம்பக்கத்து வீடுகளில் இருந்தவர்கள் மேல் தீர்ந்தது.

27 விடியற்காலை நான்கு மணிவாக்கில் படை திரும்பி வந்தது. ஒன்றரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. அலுவலகத்துக்குள் கடைசிவரை இருந்தவர்களில் போராட்டக் குழுவின் பேச்சாளர் யுன் சாங்-வொனும் பள்ளி மாணவர்களும் உண்டு.

இணையத்தில் ஓரிடத்தில் 160 பேர் என்கிறார்கள், இன்னோரிடத்தில் 2,000 என்கிறார்கள். எதை எழுதுவது? – காரைக்குடி வாசகி (பள்ளி ஆசிரியை)

வகுப்பில் சொல்ல வேண்டுமென்றால் எண்ணைப் பிரித்துச் சொல்லுங்கள். அந்தப் பத்து நாட்களில் கொல்லப்பட்டதாக உறுதிசெய்யப்பட்ட பொதுமக்கள் 160-க்கும் சற்று மேல். கணக்கெடுத்த அமைப்புக்கு ஏற்ப 165 அல்லது 166 என்று வரும். படையினர் 23 பேர், போலீசார் 4 பேர். அரசே காணாமற்போனவர்களாக ஏற்று, உடல் கிடைக்காமலே இருப்பவர்கள் எழுபதுக்கும் மேல். அடியாலும் சித்திரவதையாலும் பின்னாளில் இறந்தவர்கள் நூற்றுக்கும் மேல். இவை எல்லாவற்றையும் ஒரே எண்ணாகக் கூட்டினால் ஒரு தொகை வரும், முதலாவதை மட்டும் எடுத்தால் வேறொரு தொகை வரும். குழப்பத்தில் பாதி இங்கேதான் உண்டாகிறது.

இரண்டாயிரம் என்பது அன்று வாய்வழி பரவிய கணக்கு. செய்தி அடைக்கப்பட்ட ஊரில் வதந்திதான் செய்தித்தாள், ஆகையால் அப்படிப் பேசியவர்களைக் குறைசொல்ல முடியாது. ஆனால் இன்று அதை எழுதினால், 'பாருங்கள், எல்லாமே மிகைப்படுத்தல்' என்று மறுப்பவர்களுக்கு நீங்களே ஆயுதம் கொடுத்தது போலாகும். 160 போதாதா?

ஹெலிகாப்டரிலிருந்து சுட்டார்கள் என்பது 37 ஆண்டுகள் கழித்து எப்படி நிரூபணமாகும்? – கோவை வாசகர்

சுவர்தான் சாட்சி. கும்நம்நோவில், மாகாண அலுவலகத்துக்கு எதிரே பத்து மாடிக் கட்டடம் ஒன்று உண்டு, பெயர் ஜோனில் கட்டடம். அதை இடித்து வாகன நிறுத்தம் கட்டும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அதற்குமுன் தேசியத் தடயவியல் நிறுவனம் 10-ஆம் மாடியைச் சோதித்தது. தூண்கள், கூரை, தரை என எங்கும் குண்டுத் தடங்கள்.

எண்ணிக்கையை விடக் கோணம்தான் முக்கியம். தெருவிலிருந்து மேல்நோக்கிச் சுட்டால் குண்டு ஜன்னல் வழியே நுழைந்து கூரையைத் தாக்கும், பத்தாவது மாடித் தரையைத் தாக்க வழியில்லை. இங்கே தரையிலும் தடங்கள் இருந்தன, அதுவும் வெளியிலிருந்து கீழ்நோக்கிய சாய்வில். எதிரே அதைவிட உயரமான கட்டடம் அந்தக் காலத்தில் கிடையாது. அப்படியென்றால் சுட்டவர் காற்றில் நின்றிருக்க வேண்டும். ஓரிடத்தில் நின்றபடி பறந்த ஹெலிகாப்டரிலிருந்து சுட்டிருக்க வேண்டும் என்று 2017 ஜனவரி அறிக்கை சொன்னது. 2018 பிப்ரவரியில் பாதுகாப்பு அமைச்சகத்தின் சிறப்புக் குழுவே மே 21, 27 ஆகிய இரு நாட்களும் ஹெலிகாப்டரிலிருந்து சுட்டது உண்மை என்று ஏற்றது. அமைச்சர் மன்னிப்புக் கேட்டார்.

மொத்தம் 245 தடங்கள் என்று கணக்கானது. கட்டடத்தின் கதவிலக்கமும் கும்நம்நோ 245 என்பது தற்செயல். புதுப்பித்து 2020-இல் திறந்தபோது 'ஜோனில் கட்டடம் 245' என்றே பெயர் வைத்தார்கள். மேலும் 25 கிடைத்து எண்ணிக்கை 270 ஆனது. பெயர் மாறவில்லை. 10-ஆம் மாடிக்கு யாரும் போய்ப் பார்க்கலாம். ஒவ்வொரு தடத்தையும் அடையாளமிட்டு வைத்திருக்கிறார்கள், பூசி மறைக்கவில்லை.

சந்தைப் பெண்கள் போராளிகளுக்குச் சோற்று உருண்டை கொடுத்தார்களாமே? எங்கள் வாசகர் வட்டத்தில் மே 18 அன்று அதைச் செய்து பரிமாறலாம் என்றிருக்கிறோம். செய்முறை தேவை. – மதுரை வாசகி

யாங்டோங், டேயின் ஆகிய இரு சந்தைகளின் வியாபாரிப் பெண்கள் காசு போட்டு அரிசி வாங்கி, பெரிய அண்டாக்களில் வடித்து, உருட்டி, ஓடும் லாரிகளில் ஏற்றிக்கொடுத்தார்கள். கொரியர்கள் அதை ஜுமொக்பாப் என்பார்கள். அன்றைய உருண்டையில் இருந்தது சோறும் உப்பும்தான். கிடைத்த இடத்தில் கடற்பாசித் தாள் தூவியிருப்பார்கள், அவ்வளவே. இன்று குவாங்ஜு உணவகங்களில் கிடைக்கும் இறைச்சி, மயோனைஸ் வைத்த உருண்டைகளைப் பார்த்துச் செய்ய வேண்டாம்.

நம் வீட்டுப் புழுங்கலரிசி உதவாது. எத்தனை அழுத்தினாலும் உதிரும். பாசுமதியும் அப்படித்தான். சென்னையில் ஹூண்டாய் ஆலை வந்ததிலிருந்து கொரிய மளிகைக் கடைகள் உண்டு, அங்கே குட்டை அரிசி வாங்கலாம். கழுவி அரை மணி ஊறவைத்து, வடித்துவிட்டு, ஒரு பங்குக்கு ஒன்றேகால் பங்கு தண்ணீரில் வேகவையுங்கள். அது கிடைக்காவிட்டால் புதுப் பச்சரிசி போதும், இரண்டரைப் பங்கு தண்ணீர் விட்டுக் குக்கரில் மூன்று விசில். பழைய பச்சரிசி என்றால் இன்னும் கால் பங்கு தண்ணீர் சேருங்கள்.

இரண்டு தம்ளர் அரிசிக்கு ஒரு டீஸ்பூன் உப்பு. அடுப்பை அணைத்துப் பத்து நிமிடம் மூடியே வையுங்கள், பிறகு உப்பைத் தூவி, மரக்கரண்டியால் நசுக்காமல் புரட்டுங்கள். கை பொறுக்கும் சூட்டில் உருட்ட வேண்டும். ஆறிவிட்டால் ஒட்டாது, கொதிக்கக் கொதிக்க உருட்டினால் கை வெந்துபோகும். உள்ளங்கையை உப்புத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு ஒரு பிடி, சுமார் 100 கிராம் எடுத்து, நாலைந்து முறை மட்டும் அழுத்துங்கள். எண்ணெய் தடவிக்கொள்வது பலர் செய்யும் தவறு. பருக்கைகளைச் சுற்றி எண்ணெய் படிந்தால் உருண்டை பிளக்கும். எள்ளெண்ணெய் மணம் வேண்டுமென்றால் உருட்டி முடித்தபின் மேலே ஒரு துளி. இந்த அளவுக்கு எட்டு உருண்டை வரும். மே மாத மதுரை வெயிலில் நாலு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

மகன் குவாங்ஜுவில் ஆய்வுப்படிப்பு படிக்கிறான். மே மாதம் போகிறோம். இரண்டு நாளில் எதையெல்லாம் பார்க்கலாம்? – பெங்களூர்த் தமிழ் வாசகி

மே 17, 18 கிடைத்தால் அதைவிட நல்ல நாட்கள் இல்லை. 17 மாலை கும்நம்நோவை வாகனங்களுக்கு அடைத்து முன்னிரவு விழா நடத்துவார்கள். 18 காலை பத்து மணிக்குத் தேசியக் கல்லறையில் அரசு விழா. அங்கே பாதுகாப்புக் கெடுபிடி அதிகம். கல்லறையை நிதானமாகப் பார்க்க விரும்பினால் விழா முடிந்த பிற்பகலிலோ மறுநாளோ போங்கள்.

சியோல் யோங்சான் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் குவாங்ஜு-சோங்ஜோங் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அங்கிருந்து மெட்ரோ 1-ஆம் தடத்தில் கலாசார வளாக நிலையம். வெளியே வந்தால் நீரூற்று, பழைய மாகாண அலுவலகம், சாங்மு கூடம், ஜோனில் கட்டடம் எல்லாம் நடக்கும் தூரம். அலுவலகத்தைப் பழைய வடிவத்துக்கு மீட்கும் பணி பல ஆண்டுகள் நடந்ததால், உள்ளே அனுமதி உண்டா என்று மகனைவிட்டு முன்கூட்டியே விசாரிக்கச் சொல்லுங்கள். 5·18 (மே 18) ஆவணக்காப்பகம் கும்நம்நோவிலேயே பழைய கத்தோலிக்க மையத்தில் இருக்கிறது. அருங்காட்சியகங்கள் பல திங்களன்று மூடியிருக்கும். சதுக்கத்தின் மணிக்கூண்டை 80-களில் வேறிடத்துக்குத் தூக்கிப் போனார்கள். 2015-இல் திரும்ப வந்தது. தினமும் மாலை 5:18-க்கு அதில் போராட்டப் பாட்டு ஒலிக்கும்.

கல்லறைக்கு டாக்சி வேண்டாம், 518 என்ற எண்ணுள்ள நகரப் பேருந்திலேயே போங்கள். அடிக்கடி வராது, நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். நுழைந்ததும் நேரே நடந்தால் 40 மீட்டர் உயர நினைவுத்தூண். அதன் அடியில் ஊதுபத்தித் தூள் இட்டுத் தலைவணங்குவது வழக்கம். பின்னால் கல்லறை மேடுகள். அவற்றில் உடலே இல்லாத கல்லறைகளும் உண்டு, காணாமற்போனவர்களுக்கானவை. யுன் சாங்-வொன் கல்லறையைத் தேடினால் அதில் இரண்டு பெயர்கள் இருக்கும். ஏன் என்பது பாட்டுக் கேள்வியில் வருகிறது.

புதிய கல்லறையோடு திரும்பிவிடாதீர்கள். அது 1997-இல் கட்டியது. அங்கிருந்து நடக்கும் தூரத்தில் மாங்வோல்-டோங் பழைய கல்லறை இருக்கிறது. 1980-இல் உடல்களை நகராட்சிக் குப்பை லாரிகளில் கொண்டுவந்து புதைத்த இடம் அதுதான். எண்பதுகளில் அரசு பணம் காட்டியும் மிரட்டியும் குடும்பங்களைக் கல்லறைகளை வேறிடத்துக்கு மாற்றவைத்தது. சிலர் மாற்றினார்கள், பெரும்பாலோர் மறுத்தார்கள். அந்த மறுப்பு இல்லாவிட்டால் இன்று போய் நிற்க ஓர் இடம் இருந்திருக்காது. குவாங்ஜுவைப் படமெடுத்து உலகுக்குக் காட்டிய ஜெர்மன் ஒளிப்பதிவாளர் யூர்கன் ஹிண்ட்ஸ்பீட்டரின் தலைமுடியும் நகமும் 2016-இல் அங்கேதான் புதைக்கப்பட்டன.

அந்தப் பழைய கல்லறை வாசலில் ஒரு கல்லை மிதித்துவிட்டுத்தான் போகவேண்டுமாமே? – சேலம் வாசகர்

கட்டாயமில்லை. 1982-இல் சுன் டூ-ஹ்வான் தன் மனைவியோடு பக்கத்து மாவட்டமான டாம்யாங்கில் ஒரு கிராமத்தில் தங்கினார். அதைப் பெருமையாகக் கல்லில் வெட்டி வைத்தார்கள். 1989-இல் அந்தக் கல்லை உடைத்து எடுத்துவந்து, மாங்வோல்-டோங் பாதையில் தரையோடு தரையாகப் பதித்துவிட்டார்கள், போகிறவர்கள் மிதிக்கட்டும் என்று. தேர்தல் காலத்தில் எந்தத் தலைவர் மிதித்தார், எவர் தாண்டிப் போனார் என்பது அங்கே செய்தி. வெளியூர்க்காரர் தாண்டிப் போனால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

ஒரு பாட்டைச் சேர்ந்து பாடுவதா, கேட்பதா என்று ஒரு நாடே எட்டு வருடம் சண்டை போட்டதாகப் படித்தேன். நம்ப முடியவில்லை. – புதுச்சேரி வாசகர்

நம்புங்கள். யுன் சாங்-வொனுக்கும், அவரோடு தொழிலாளர் இரவுப்பள்ளியில் பாடம் நடத்தி 1978-இல் கரிவாயு தாக்கி இறந்த பார்க் கி-சுன்னுக்கும் 1982 பிப்ரவரியில் குடும்பத்தார் ஆவித் திருமணம் செய்துவைத்தார்கள். இருவரையும் ஒரே கல்லறையில் வைத்தார்கள். அவர்களுக்காக உருவானதுதான் 'அன்புக்குரியவருக்கான அணிநடை'. வெளியே சத்தம் கேட்காமல் ஜன்னலுக்குப் போர்வை கட்டி, சாதாரண டேப் ரெக்கார்டரில் பதிந்தார்கள். கேசட்டிலிருந்து கேசட்டாகப் பரவி எல்லாப் போராட்டங்களுக்கும் சொந்தமானது.

மே 18 அரசு நினைவு நாளானது 1997-இல். அதிலிருந்து 2008 வரை விழாவில் எல்லோரும் சேர்ந்து பாடினார்கள். 2009 முதல் பழமைவாத அரசுகள் அதைப் பாடகர் குழு மட்டும் பாடும் பாட்டாக ஒதுக்கின. விருப்பமுள்ளவர் வாயசைக்கலாம், இல்லாதவர் சும்மா உட்காரலாம். பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் விழாவையே புறக்கணித்தார்கள். 2017-இல் ஆட்சி மாறியதும் முதல் வேலைகளில் ஒன்றாகக் கூட்டாகப் பாடும் முறை திரும்பியது. பாட்டைத் தடைசெய்யவில்லை என்று அரசு சொன்னது உண்மைதான். வாயை மூடு என்று சொல்லாமல் மூடவைக்கும் கலை எல்லா அரசுகளுக்கும் தெரியும்.

குற்றவாளிகளுக்குத் தண்டனை? – நாகர்கோவில் வாசகர்

கிடைத்தது, நிலைக்கவில்லை. 1995 ஜூலையில் அரசு வழக்கறிஞர்கள், வெற்றி பெற்ற ஆட்சிக்கவிழ்ப்பைத் தண்டிக்க முடியாது என்று கைவிரித்தார்கள். கொந்தளிப்பு எழுந்தது. அந்த டிசம்பரில் சிறப்புச் சட்டம் வந்தது. 1996 ஆகஸ்டில் சுன்னுக்கு மரண தண்டனை, அவருக்குப்பின் அதிபரான ரோ டே-வூவுக்கு 22 ஆண்டு ஆறு மாதம். மேல்முறையீட்டில் ஆயுள், 17 ஆண்டு எனக் குறைந்து, 1997 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அதே டிசம்பரில் இருவருக்கும் மன்னிப்பு. அதற்கு இசைவு தந்தவர் அப்போது அதிபராகத் தேர்வாகியிருந்த கிம் டே-ஜுங். 1980-இல் சுன் ஆட்சி மரண தண்டனை விதித்தது அவருக்குத்தான்.

லஞ்சப் பணத்துக்காக 22,050 கோடி வோன் கட்டச் சொன்னார்கள். தன்னிடம் 2,90,000 வோன்தான் இருக்கிறது என்றார் சுன். நம் கணக்கில் இருபதாயிரம் ரூபாய்க்குக் கீழே. 2021 நவம்பரில் மன்னிப்புக் கேட்காமலே இறந்தார். 21-ஆம் தேதி சுடச் சொன்னவர் யார் என்பது இன்றும் தீராத கேள்வி.

வட கொரிய வீரர்கள் ஊடுருவிச் செய்த கலவரம் அது என்று வாட்ஸ்அப்பில் வந்தது. – தூத்துக்குடி வாசகர்

பொய். 600 பேர் வந்தார்கள் என்பார்கள். ஊரைச் சுற்றிலும் படை, கடற்கரையில் காவல், மேலே அமெரிக்கக் கண்காணிப்பு, அத்தனையையும் தாண்டி அறுநூறு பேர் வந்து திரும்பியும் போனார்களாம். அன்றைய புகைப்படங்களில் உள்ள முகங்களுக்கு எண் போட்டு, இவர் இன்ன வட கொரிய அதிகாரி என்று பட்டியலிட்டார்கள். அதில் முதல் எண் பெற்றவர் தென்கொரியக் குடிமகன் என்று 2022-இல் உண்மை கண்டறியும் ஆணையம் அறிவித்தது. தங்கள் முகத்தையே அதில் கண்ட குவாங்ஜுக்காரர்கள் வழக்குப் போட்டு வென்றார்கள். 2021 முதல் இத்தகைய பொய்யைப் பரப்பினால் ஐந்து ஆண்டு வரை சிறை அல்லது ஐந்து கோடி வோன் வரை அபராதம். சட்டம் போட்டு வரலாற்றைக் காப்பது சரியா என்று அங்கேயே விவாதம் உண்டு. அந்த விவாதம் நியாயமானது, அறுநூறு பேர் கதை அப்படியல்ல.

2024 டிசம்பரில் தென்கொரியாவில் மறுபடி ராணுவச் சட்டம் வந்ததே, தொடர்பு உண்டா? – சிங்கப்பூர் வாசகர்

1980-க்குப்பின் நாடு கண்ட முதல் ராணுவச் சட்ட அறிவிப்பு அது. டிசம்பர் 3 இரவு பத்தரை மணிக்கு அறிவிப்பு, நள்ளிரவு ஒரு மணிக்கு நாடாளுமன்றம் 190-க்கு 0 என்று ரத்து செய்தது. செய்தி கேட்டதும் வீட்டுக்குள் பதுங்காமல் நாடாளுமன்ற வாசலுக்கு ஓடிய கூட்டத்துக்கு, ராணுவச் சட்டம் என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

முனைவர் பட்ட ஆய்வுக்கு இதை எடுக்கலாமா? மூல ஆவணங்கள் நம்பகமானவையா? – சென்னை வாசகி

எடுக்கலாம், கொரிய மொழி கற்க இரண்டு ஆண்டு ஒதுக்கினால். 2011-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் ஏறிய தொகுப்பே 4,271 தொகுதிகள், எட்டரை லட்சம் பக்கங்களுக்கு மேல். ராணுவ நீதிமன்றப் பதிவுகள், குடிமக்களின் நாட்குறிப்புகள், ஆஸ்பத்திரிப் பதிவேடுகள், இழப்பீட்டு விண்ணப்பங்கள், அமெரிக்க ஆவணங்கள் எல்லாம் அதில் அடக்கம்.

இரண்டு இடங்களில் சறுக்கும். ஒன்று, 1980 மே மாத நாளிதழ்கள். தணிக்கைக்கு உட்பட்டவை, மௌனத்தைத்தான் காட்டும். தாங்கள் கண்ணால் கண்டதில் ஒரு வரிகூட அச்சிட முடியவில்லை என்று எழுதிவைத்துவிட்டு, மே 20 அன்று ஜோன்னாம் மேயில் நாளிதழின் செய்தியாளர்கள் கூட்டாகப் பேனாவைக் கீழே வைத்தார்கள். இரண்டு, ராணுவப் பதிவுகள். 1988 நாடாளுமன்ற விசாரணைக்கு முன்னால் '511' என்ற பெயரில் ராணுவத்தரப்பு ஒரு குழு அமைத்து, தனக்குப் பாதகமான பதிவுகளைத் திருத்தியது. ஆகவே எந்தப் படைப்பிரிவின் நடவடிக்கைப் பதிவை எடுத்தாலும் அது எந்த ஆண்டுப் பிரதி என்று முதலில் பாருங்கள். 1988-க்குப் பிந்தையது என்றால், அதே நாளின் ஆஸ்பத்திரிச் சேர்க்கைப் பதிவேட்டையும் பிணப் பரிசோதனை அறிக்கையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் ஒரு நேரத்தையோ எண்ணையோ எடுத்தாளாதீர்கள்.